நின்றுபோன டிரில்

1971ஆம் ஆண்டு ஜூலை மாதத்தின் கடைசி நாள். நிலவில் ஹாட்லி பள்ளத்தாக்கின் அருகே, அப்பல்லோ 15 வீரர் டேவிட் ஸ்காட் கையில் ஒரு டிரில்லிங் மெஷினோடு நின்றிருந்தார். வயர் கிடையாது. வெள்ளி–துத்தநாக பேட்டரியில் ஓடுவது. சுழன்றுகொண்டே தட்டித் தட்டித் துளைக்கும் வகை. நிலவின் உள்ளிருந்து எவ்வளவு வெப்பம் வெளியே கசிகிறது என்று அளப்பதற்காக இரண்டு துளைகள் போட வேண்டும், ஒவ்வொன்றும் சுமார் 3 மீட்டர் ஆழம் என்பது திட்டம். முதல் துளை பாதி தூரம் போனதும் மெஷின் சண்டித்தனம் செய்தது. ஸ்காட் மேலே சாய்ந்து அழுத்திப் பார்த்தார். நிலவில் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்குதான் என்பதால் அவருடைய உடல் எடையும் கைகொடுக்கவில்லை. இரண்டாவது துளை முதலாவது அளவுக்குக்கூட இறங்கவில்லை. மண் மாதிரி எடுக்க இறக்கிய 2.4 மீட்டர் குழாயோ உள்ளேயே சிக்கிக்கொண்டது. ஆகஸ்ட் 2 அன்று அதை வெளியே இழுக்க ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் சேர்ந்து தோள்கொடுக்க வேண்டியிருந்தது.

காரணத்தைத் தேடியபோது குற்றவாளி மோட்டாரும் அல்ல, பேட்டரியும் அல்ல. துளையிடும் தண்டு பல துண்டுகளை இணைத்துச் செய்தது. தூளை மேலே ஏற்றிக் கொண்டுவர அதன் வெளிப்புறத்தில் திருகுபோல ஓடும் வரிப்பள்ளம், இணைப்பு வரும் இடங்களில் தொடர்ச்சி இல்லாமல் இருந்தது. மேலே ஏற வழியற்ற தூள் அங்கே சேர்ந்து இறுகித் தண்டைக் கவ்விக்கொண்டது. அடுத்த பயணத்துக்குத் தண்டின் வடிவத்தை மாற்றினார்கள். 1972இல் அப்பல்லோ 16இன் சார்லஸ் டியூக் அதே வேலையைச் சிக்கலில்லாமல் முடித்தார். அதன்பிறகு அந்த வெப்ப அளவுக் கருவியின் வயரில் ஜான் யங்கின் கால் சிக்கி, வயர் அறுந்து, அந்தச் சோதனையே பாழானது தனிக்கதை. வயரில்லா மெஷின் ஒழுங்காக வேலை செய்தது. வயர்தான் காலை வாரிவிட்டது.

வீட்டிலோ பட்டறையிலோ டிரில் நின்றுபோனால் நாம் செய்வது இதற்கு நேர்மாறு. "காயில் போச்சு" என்று முதல் சந்தேகமே மோட்டார் மேல்தான் விழுகிறது. பெரும்பாலான நேரங்களில் மோட்டார் நிரபராதி.

நாசாதான் வயரில்லா டிரில்லைக் கண்டுபிடித்தது என்று ஒரு கதை உலவுகிறது. உண்மையில் அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம், நிக்கல்–காட்மியம் பேட்டரியில் ஓடும் டிரில்லை 1961இலேயே சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டது. நிலவுக்கான மெஷினை உருவாக்கும் வேலை பின்னால்தான் அதனிடம் வந்தது. அந்தக் காலத்து டிரில்லில் பேட்டரி, சுவிட்ச், மோட்டார், பற்சக்கரங்கள் — இவ்வளவுதான். 1991இல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2005 வாக்கில் அது கனமான கைக்கருவிகளுக்குள்ளும் நுழைந்தது. கூடவே ஒரு புதிய உறுப்பும் வந்து சேர்ந்தது: வெப்பத்தையும் மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் கண்காணிக்கும் சின்னஞ்சிறு மின்னணுப் பலகை. பழைய டிரில்லை அளவுக்கு மீறி வதைத்தால் புகைந்து செத்துப்போகும். இப்போதைய நல்ல டிரில் அதற்கு முன்பே நின்றுவிடும். அது நிற்பது பல நேரங்களில் பழுது அல்ல, தற்காப்பு. இந்த வித்தியாசம் புரியாமல் அதைக் கட்டாயப்படுத்தி ஓட்டப் பார்ப்பதில்தான் ஆபத்துகள் பலவும் தொடங்குகின்றன.

வயர் இல்லாததால் ஷாக் அடிக்காது, ஆகவே பாதுகாப்பானது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இது பாதி உண்மை. வயருள்ள டிரில்லின் பிளக்கைப் பிடுங்கிவிட்டால் அது வெறும் இரும்பும் பிளாஸ்டிக்கும்தான். வயரில்லா டிரில் பையில் கிடக்கும்போதும் உயிரோடு இருக்கிறது. 18 வோல்ட், 2 ஆம்பியர்-மணி என்று எழுதிய சிறிய பேட்டரியில் அடங்கியிருப்பது 36 வாட்-மணி ஆற்றல். கேட்க அற்பமாகத் தெரியலாம். இழப்பே இல்லை என்று வைத்துக்கொண்டால், 60 கிலோ எடையுள்ள ஒருவரை 220 மீட்டர் உயரத்துக்குத் தூக்க அது போதும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உயரத்தைப்போல மூன்று மடங்குக்கும் மேல். அந்த ஆற்றல் திருகாணியில் இறங்கினால் வேலை. விரலில் இறங்கினால் விபத்து. பேட்டரிக்குள்ளேயே இறங்கினால் தீ.

எனவே பிட் மாற்றுவது, பிட்டைக் கவ்விப் பிடிக்கும் சக்கைத் துடைப்பது, உள்ளே என்ன சத்தம் என்று பார்ப்பது எதுவானாலும் முதலில் பேட்டரியைக் கழற்றித் தனியே வைக்க வேண்டும். முன்பக்கம்–பின்பக்கம் சுழற்சியை மாற்றும் நெம்புகோலை நடுவில் நிறுத்தினால் சுவிட்ச் பூட்டிக்கொள்ளும் என்பது சரிதான். அது பையில் வைக்கும்போது போதும். சக்குக்குள் விரலை விடும்போது போதாது.

இனி, நின்றுபோன டிரில்லை எங்கிருந்து பார்ப்பது? வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். அதாவது முனையிலிருந்து.

"மெஷின்ல பவர் இல்லை" என்ற புகார்களில் கணிசமானவை மழுங்கிய பிட்டின் கதைகள். இரும்பில் வேகமாக ஓட்டிய பிட்டின் நுனி நீலம் பாய்ந்திருந்தால், அது சூடேறிப் பதம் இழந்திருக்கலாம். கான்கிரீட் பிட்டின் நுனியில் பற்றவைத்திருக்கும் டங்ஸ்டன் கார்பைடு துண்டு உடைந்து போயிருக்கலாம். பிட் புதிதாகவே இருந்தாலும், சுவரில் ஆழமாகத் துளைக்கும்போது இடையிடையே வெளியே இழுத்துத் தூளைக் கொட்டாவிட்டால், ஸ்காட்டுக்கு நேர்ந்ததுதான் நேரும். வரிப்பள்ளம் அடைபடும், தூள் இறுகும், பிட் சிக்கும். சிக்கிய பிட்டை இன்னும் அழுத்துவதால் பயன் கிடையாது. பின்பக்கமாகச் சுழலவிட்டு மெல்ல வெளியே எடுக்க வேண்டும்.

பின்பக்கம் என்றதும் இன்னொன்று. புது டிரில் மரத்தைத் துளைக்கவே மாட்டேன் என்கிறது, தேய்த்துப் புகைய மட்டும் விடுகிறது என்றால், முதலில் அந்த நெம்புகோல் எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்று பாருங்கள். அனுபவசாலிகளும் இதில் மாட்டிக்கொள்வார்கள், வெளியே சொல்வதில்லை.

சக்குக்குப் பின்னால் எண்கள் எழுதிய ஒரு வளையம் இருக்கும். திருகாணி முறுக்கும்போது டிரில் 'கடகட'வென்று சத்தம் போட்டுச் சுற்றாமல் நிற்கிறது, பல்லு உடைந்துவிட்டது என்று கடைக்கு எடுத்துக்கொண்டு வருபவர்கள் உண்டு. உண்மையில் அது கிளட்ச். குறித்த அளவு முறுக்குவிசையைத் தாண்டியதும் உள்ளேயுள்ள குண்டுகள் தம் பள்ளத்தைவிட்டு ஏறிக் குதிக்கின்றன. அந்தக் குதிதான் சத்தம். திருகாணியின் தலை தேயாமலிருக்கச் செய்த ஏற்பாடு. எண்ணைக் கூட்டினாலோ, டிரில் படம் போட்ட இடத்துக்கு வளையத்தைத் திருப்பினாலோ சத்தம் நின்றுவிடும். மேலே இருக்கும் 1, 2 கியர் பொத்தானை மட்டும் மெஷின் முழுமையாக நின்ற பிறகுதான் தள்ள வேண்டும். ஓடும்போது தள்ளினால் உண்மையிலேயே பல்லு தேயும். நின்ற நிலையில் தள்ளியும் விழவில்லை என்றால், பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சக்கைக் கையால் லேசாகத் திருப்பிப் பாருங்கள். பற்கள் ஒன்றுக்கொன்று நேராக நிற்கவில்லை, அவ்வளவுதான்.

சக் ஆடுகிறது என்ற புகாரிலும் அவசரப்படக் கூடாது. நேரான ஒரு கம்பியைப் பொருத்தி மெதுவாகச் சுற்றிப் பார்த்தால், வளைந்தது பிட்டா சக்கா என்று தெரிந்துவிடும். சக்கைத்தான் மாற்ற வேண்டும் என்றால் ஒரு சூட்சுமம் உண்டு. தாடைகளை முழுக்கத் திறந்து உள்ளே பார்த்தால் அடியில் ஒரு திருகாணி தெரியும். அதற்கு இடது மரை. வழக்கம்போல இடப்பக்கம் திருப்பினால் கழலாது, இன்னும் இறுகும். வலப்பக்கம் திருப்ப வேண்டும். டிரில் பின்பக்கம் சுழலும்போது சக் தானே கழன்று விழாமலிருக்கத்தான் இந்த எதிர்மரை. இதை அறியாமல் திருகாணியின் தலையைத் தேய்த்துவிட்டு, அதை எடுக்க இன்னொரு டிரில்லைத் தேடியவர்கள் நிறையப் பேர்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் சிக்கல் தீரவில்லை என்றால் அடுத்து வருவது வெப்பம். இங்கே கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது, ஏனென்றால் டிரில்லின் ஆயுளைத் தீர்மானிப்பதே இதுதான்.

மோட்டார் சுழலும்போது, அது தானும் ஒரு சிறு ஜெனரேட்டர் போலச் செயல்பட்டு, பேட்டரிக்கு எதிரான மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. வேகம் கூடக் கூட இந்த எதிர்ப்பும் கூடும். அதனால் வேகமாக ஓடும் மோட்டார் குறைவான மின்னோட்டத்தையே இழுக்கும். பிட் சிக்கி மோட்டார் நின்றுவிட்டால் எதிர்ப்பு பூஜ்யமாகிவிடும். சுவிட்சை அழுத்தியபடி இருந்தால் மின்னோட்டம் பல மடங்காக எகிறும். கம்பிச்சுருளில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. மின்னோட்டம் மூன்று மடங்கானால் வெப்பம் ஒன்பது மடங்கு. இதற்கிடையே, மோட்டாரைக் குளிர வைக்கும் காற்றாடி அதே அச்சில்தான் மாட்டியிருக்கிறது. மோட்டார் நின்றால் காற்றாடியும் நிற்கும். வெப்பம் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் காற்று அறவே இல்லை.

கனமான வேலையை இரண்டாவது கியரில் வைத்து, சுவிட்சைப் பாதி அழுத்தி மெதுவாக ஓட்டுவது ஏன் தவறு என்பது இப்போது புரியும். மெஷினைப் பார்த்துப் பார்த்து ஓட்டுவதாக நமக்குத் தோன்றும். உண்மையில் காற்றில்லாமல் வேகவைத்துக்கொண்டிருக்கிறோம். முதல் கியரில் போட்டு முழு வேகத்தில் ஓட்டினால், சக் மெதுவாகச் சுற்றும், மோட்டார் வேகமாகச் சுற்றும், காற்றும் நன்றாக வீசும். மெஷின் கொதிக்கிறது, ஆனால் கருகல் வாடையோ புகையோ இல்லை என்றால், உடனே அணைத்து ஓரமாக வைப்பதைவிட, வேலை கொடுக்காமல் ஓரிரு நிமிடம் வெறுமனே ஓடவிடுவது நல்லது. காற்றாடி தன் வேலையைச் செய்யும். கருகல் வாடை வந்துவிட்டால் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டியதுதான்.

கான்கிரீட் மேல்தளத்தில் வரிசையாக இருபது துளை போட 'ஹேமர்' படம் போட்ட வயரில்லா டிரில்லை எடுப்பவர்களுக்கும் ஒரு சொல். அதன் தட்டல் இரண்டு பல்வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்குவதால் வருவது. எண்ணிக்கையில் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கு. வலுவில் பூனைத் தட்டு. செங்கல் சுவருக்கு அது போதும். கான்கிரீட்டுக்கென்று உள்ள ரோட்டரி ஹேமரில் பிஸ்டன் உருளைக்குள் அடைபட்ட காற்றை அழுத்த, அந்தக் காற்று ஓர் இரும்புத் துண்டைத் தள்ளி, அது சம்மட்டிபோல அடிக்கிறது. அது வேறு பிறவி. கம்பி கட்டிய தளத்தில் முன்னதை வைத்துப் போராடினால், மெஷின் சூடாகி நிற்பது அதன் குற்றம் ஆகாது.

பேட்டரிக்கு வருவோம். 18 வோல்ட் பேட்டரிக்குள் இருப்பது வரிசையாக இணைத்த ஐந்து லித்தியம் அயனி செல்கள், ஒவ்வொன்றும் 3.6 வோல்ட். முழுக்கச் சார்ஜ் ஏறினால் ஒவ்வொன்றும் 4.2, மொத்தம் 21. ஆக அமெரிக்காவில் '20 வோல்ட் மேக்ஸ்' என்று விற்பதும், இங்கே '21 வோல்ட்' என்று விற்பதும், 18 வோல்ட்டும் ஒரே சரக்குதான். பெட்டி மேல் 48, 88 என்றெல்லாம் பெரிய எழுத்தில் அச்சிட்ட மலிவு டிரில்களுக்குள்ளும் பெரும்பாலும் இதே ஐந்து செல்தான் இருக்கும். எண் அட்டையில் மட்டும் வளர்ந்திருக்கிறது.

பேட்டரி கிழடாவது எப்படி வெளியே தெரிகிறது? சார்ஜ் அளவைக் காட்டும் விளக்கு நான்கும் எரியும். சும்மா ஓடவிட்டால் டிரில் ஜோராக ஓடும். சுவரில் வைத்து அழுத்தினால் ஒரே நொடியில் நிற்கும். குழப்பமாகத் தோன்றும் இந்த நடத்தைக்குக் காரணம் செல்லின் உள்மின்தடை. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். புதிய பேட்டரியின் மொத்த மின்தடை 0.1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். டிரில் 20 ஆம்பியர் இழுத்தால் உள்ளேயே 2 வோல்ட் தொலைகிறது. 40 வாட் வெப்பமாகிறது. வயதாகி மின்தடை 0.3 ஓம் ஆனால், அதே 20 ஆம்பியருக்கு 6 வோல்ட் தொலையும். 120 வாட் வெப்பம், ஒரு பெரிய குண்டு பல்பு பேட்டரிக்குள் எரிகிற மாதிரி. 18இலிருந்து 12 வோல்ட்டுக்கு விழுந்ததும், சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று மின்னணுப் பலகை முடிவுகட்டி அணைத்துவிடுகிறது. சுமை இல்லாதபோது மின்னழுத்தத்தை மட்டும் பார்க்கும் விளக்குகளோ நிறைய இருக்கிறது என்கின்றன. இரண்டுமே தமக்குத் தெரிந்தவரை உண்மையைத்தான் சொல்கின்றன.

இதே கணக்கு முனைகளுக்கும் பொருந்தும். டிரில்லும் பேட்டரியும் சேரும் உலோகத் தகடுகளில் சிமென்ட் தூளோ துருவோ படிந்து மின்தடை கொஞ்சம் கூடினாலும், அந்தப் புள்ளியில் பல வாட் வெப்பம் குவிந்து சுற்றியுள்ள பிளாஸ்டிக் உருகும். கடலோர ஊர்களில் உப்புக் காற்று பட்டுப் பட்டுத் தகட்டில் பச்சை பூத்துவிடுகிறது. பேட்டரியைத் தனியே எடுத்துவிட்டு, மெஷின் பக்கத் தகடுகளைப் பஞ்சில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து உலரவிட்டால் போதும். மெஷினின் பிளாஸ்டிக் உடலை மட்டும் பெட்ரோலிலோ தின்னரிலோ துடைக்க வேண்டாம். நம் பட்டறைகளில் எல்லாவற்றுக்கும் அதுதான் கைமருந்து. ஆனால் அவை இந்தப் பிளாஸ்டிக்கைக் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விட வைக்கும். காற்றுத் துளைகளில் சேர்ந்த தூசியை உலர்ந்த தூரிகையால் தட்டிவிடலாம். காற்றடித்துத் துப்புரவு செய்வதானால் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். சுவரைத் துளைத்த தூளில் இருக்கும் சிலிக்கா, கண்ணைவிட நுரையீரலுக்குப் பெரிய பகை என்பதால் முகக்கவசமும் வேண்டும்.

சார்ஜர் சில நேரம் பேட்டரியை ஏற்க மறுக்கும். விளக்கு மாறி மாறிச் சிமிட்டும். கடுமையாக ஓட்டிவிட்டுச் சூட்டோடு மாட்டியிருந்தால், உள்ளேயுள்ள வெப்ப உணரி 'கொஞ்சம் பொறு' என்கிறது. அரை மணி நேரம் ஆறவைத்து மாட்டினால் ஏறத் தொடங்கும். உறைபனி விழும் ஜனவரி விடியலில் உதகையில் வெளியே கிடந்த பேட்டரியையும் நல்ல சார்ஜர் மறுக்கும். உறைநிலையில் சார்ஜ் ஏற்றினால், லித்தியம் கிராஃபைட்டுக்குள் நுழைய முடியாமல் அதன் மேலேயே உலோகமாகப் படியும். அது திரும்பக் கரையாத சேதம்.

ஆறவைத்தும் ஏற மறுத்தால்? இங்கேதான் மிக ஆபத்தான கைவைத்தியம் வருகிறது. மாதக்கணக்கில் சும்மா கிடந்த பேட்டரியின் மின்னழுத்தம் அடிமட்டத்துக்குப் போயிருக்கும். அதை இன்னொரு முழு பேட்டரியோடு இரண்டு வயரால் சில நொடிகள் இணைத்து 'எழுப்பிவிடும்' வித்தையை நிறையப் பேர் செய்கிறார்கள். பல நேரம் வேலையும் செய்கிறது. வேலை செய்வதுதான் அதன் ஆபத்து. லித்தியம் செல் மிகவும் கீழே இறங்கிக் கிடந்தால், எதிர்முனையைத் தாங்கும் செம்புத் தகடு கரைந்து திரவத்தில் கலக்கத் தொடங்குகிறது. மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு ஒழுங்கில்லாமல் ஆங்காங்கே படிந்து, இரு முனைகளுக்கும் நடுவிலுள்ள மெல்லிய தடுப்பைக் குத்திக் கடக்கலாம். உள்ளேயே ஷார்ட் ஆகும். அன்றே ஆக வேண்டும் என்பதில்லை. பத்தாவது சார்ஜில், இரவில், எல்லாரும் தூங்கும்போது ஆகலாம். சார்ஜர் மறுத்தது கோளாறினால் அல்ல; அது கண்ட அறிகுறியை நம்மால் காண முடியவில்லை.

அந்த நடுத்தடுப்பு பாலிஎத்திலீன் படலம் என்றால், 130 டிகிரி செல்சியஸ் அளவில் உருகிவிடும். அதன்பின் வெப்பம் வேதிவினையைத் தூண்ட, வினை இன்னும் வெப்பத்தைக் கக்க, ஒரு செல் பக்கத்துச் செல்லைப் பற்றவைக்கும். பயன்படுத்தாமலே சூடாவது, 'உஸ்' என்ற சத்தம், பெயின்ட் கடை வாடைபோல ஒரு இனிப்பு வாடை, கசிவு, உருகிய உடல் — இவற்றில் எது தெரிந்தாலும், பற்றக்கூடிய பொருள் எதுவும் இல்லாத திறந்தவெளியில் வைத்துவிட்டு விலக வேண்டும். தீப்பிடித்தே விட்டால், சிறிய லித்தியம் அயனி பேட்டரிக்கு ஏராளமான தண்ணீர்தான் மருந்து. அணைப்பதைவிடக் குளிர்விப்பது முக்கியம். சார்ஜரோடு இருந்தால் முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு இருக்கும், மூச்சில் ஏறக் கூடாது. கையை மீறினால் 101 அல்லது 112.

செத்த பேட்டரிக்குப் புதுச் செல் போடுவது தவறில்லை. அது ஒரு தொழில். சென்னை ரிச்சி தெருவில் 18650 செல்கள் தாராளமாகக் கிடைக்கும். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதைத்தான் அந்தப் பெயர் சொல்கிறது. ஆனால் 9900 மில்லியாம்பியர்-மணி என்று அச்சிட்ட 18650 செல்லைப் பார்த்தால் கடையைவிட்டு வெளியே வந்துவிடலாம். பெயர்பெற்ற தயாரிப்பாளர்களின் செல்களே 3500ஐத் தாண்டுவது அரிது. உண்மையான செல்லாக இருந்தாலும் எல்லாம் ஒன்றல்ல. பவர் பேங்குக்குச் செய்த செல் மெதுவாக நிறையக் கொடுக்கும். டிரில்லுக்கு வேண்டியது 20 ஆம்பியரைச் சட்டென்று கொடுக்கும் செல். முன்னதைப் பின்னதன் இடத்தில் வைத்தால் கொதிக்கும். ஐந்தையும் ஒரே வகை, ஒரே தொகுதியாகப் போட வேண்டும். நான்கு பழசோடு ஒரு புதுசு சேர்ந்தால், பலவீனமான செல் முதலில் காலியாகிச் சாகும். பேட்டரிக்குள் நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் வைத்துத்தான் இணைத்திருப்பார்கள். சால்டரிங் அயர்னை நேரே செல் மேல் வைப்பவரிடம் பேட்டரியைக் கொடுக்காதீர்கள். இந்தியாவில் விற்கும் லித்தியம் செல்களுக்கு ஐ.எஸ். 16046 தரப்பதிவு கட்டாயம் என்பதால் அந்த எண்ணைத் தேடுவதும் பயன்படும்.

"முழுசா காலி பண்ணிட்டுச் சார்ஜ் போடு, இல்லைன்னா மெமரி ஆயிடும்" என்பது நிக்கல்–காட்மியம் காலத்து அறிவுரை. லித்தியத்துக்கு அது நேர் எதிர். பாதியில் மாட்டுவதால் ஒரு கெடுதலும் இல்லை. பல வாரம் எடுத்து வைப்பதானால் பாதி சார்ஜில், வீட்டின் குளிர்ந்த மூலையில் வைப்பதுதான் நல்லது. 50 டிகிரிக்கு மேல் போகும் இடத்தில் வைக்காதே என்று கையேடுகள் சொல்கின்றன. கத்திரி வெயிலில் பூட்டிய காருக்குள் முன்பலகை மேல் அதைத் தாண்டுவது சில நிமிட வேலை. ஆணி, திருகாணி கொட்டிய பையில் பேட்டரியை மூடியில்லாமல் போட்டால், ஒரு திருகாணியே இரு முனைகளையும் இணைத்துவிடும்.

சென்னையின் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களைப் பார்த்தவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. நீரில் மூழ்கிய பேட்டரி காய்ந்த பிறகு நலமாகத் தெரியலாம். உள்ளே உப்பும் சேறும் விட்டுச்சென்ற தடத்தில் மின்சாரம் கசிந்துகொண்டே இருக்கும். 2022இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இயான் புயலின்போது கடல்நீரில் மூழ்கிய மின்கார்கள் சில, நாட்கள் கழித்துத் தீப்பிடித்தன. அளவு வேறு, வேதியியல் ஒன்றே. மூழ்கிய பேட்டரியைச் சார்ஜரில் மாட்டவே கூடாது.

மோட்டாரைக் கடைசியில் பார்க்கலாம். உங்கள் டிரில்லில் கார்பன் பிரஷ் இருந்தால், காற்றுத் துளை வழியே சிறு நீலப் பொறி தெரிவதும், சுவிட்சை விட்டதும் பளிச்சென்று ஒன்று மின்னுவதும் இயல்பு. பின்னது மோட்டாரை உடனே நிறுத்தும் பிரேக்கின் வேலை. பொறி வளையமாகச் சுற்றி எரிந்தாலோ, விட்டு விட்டு ஓடினாலோ, தட்டினால்தான் கிளம்பினாலோ பிரஷ் தேய்ந்திருக்கும். எல்லைக்கோடு வரை தேய்ந்ததும் இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். பிறகு சுமையில்லாமல் சிறிது நேரம் ஓட்டினால் புதுக் கார்பன் வளைவுக்கு ஏற்பப் படியும். சிறிய 12 வோல்ட் டிரில்கள் பலவற்றில் பிரஷ் மோட்டாருக்குள்ளேயே அடைபட்டிருக்கும். மோட்டாரையே மாற்ற வேண்டியதுதான். பிரஷ்லெஸ் டிரில்லில் தேய கார்பனே இல்லை. அதில் காந்தம் சுழல்கிறது, கம்பிச்சுருள் நிற்கிறது, மின்சாரத்தை மாற்றி மாற்றி அனுப்புவது மின்னணுப் பலகை. அது போனால் காயில் கட்டும் கடையில் வேலையில்லை. பலகையைப் பிசின் ஊற்றி மூடியிருப்பார்கள். முழுதாக மாற்றுவது மட்டுமே வழி.

பழுது நீங்கிய டிரில் சில நேரம் பழுதானதைவிட ஆபத்தானது, ஏனென்றால் அதன் முழு பலம் திரும்பியிருக்கும். பெரிய 18 வோல்ட் டிரில்களின் முறுக்குவிசை 60 நியூட்டன்-மீட்டரைத் தொடும். பிட் சட்டென்று ஒரு கம்பியில் மாட்டினால், சக்குக்கு 20 சென்டிமீட்டர் கீழே பிடித்திருக்கும் கையை ஏறத்தாழ 30 கிலோ எடை விழுந்ததுபோல முறுக்கும். மணிக்கட்டு அதற்குத் தயாராக இருக்காது. பக்கக் கைப்பிடி கொடுத்திருந்தால் அதை மாட்டிக்கொள்வதுதான் மரியாதை. கையுறை, தொங்கும் துப்பட்டா, கையில் கட்டிய கயிறு மூன்றையும் சுழலும் சக் ஒரே மாதிரிதான் இழுக்கும். சுவருக்குள் ஓடும் 230 வோல்ட்டுக்கு உங்கள் டிரில்லில் வயர் இல்லை என்பது தெரியாது. சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலும் நேர் கீழும் குழாய் ஓடியிருக்கும் என்று எடுத்துக்கொண்டு, அந்தக் கோட்டைத் தவிர்த்துத் துளையுங்கள். சந்தேகம் என்றால் மெயினை அணைத்துவிடுங்கள். அதற்குத்தானே வயரில்லா மெஷின்.

கடைசியில் பேட்டரி செத்தே போனால், பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுவதும் குப்பைத் தொட்டியில் எறிவதும் வேண்டாம். நசுக்கும் இயந்திரத்தில் மாட்டினால் மிச்சமிருக்கும் சார்ஜே தீ வைக்கப் போதும். 2022இன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, விற்ற பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. அந்த நிறுவனத்தின் சேவை மையத்திலோ பதிவுபெற்ற மின்கழிவு நிலையத்திலோ கொடுத்துவிடுங்கள். கொண்டுபோகும் முன் அதன் உலோக முனைகள் எல்லாவற்றையும் இன்சுலேஷன் டேப்பால் மூடுங்கள்.